வெளிநாட்டில் சாப்பிட்ட கோழி, வாத்து, காடை: அனுபவத்தைச் சொல்லுங்கள்

தேவிபட்டினத்தான்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். நாட்டுப்படகு மீன் கொஞ்சம் வரும், ஆனால் விலையைக் கேட்டால் வாங்காமலே திரும்பிவிடுவோம். எங்கள் தெருவில் கோழிக்கடைக்குக் கூட்டம் சேர்வது இந்த 61 நாளில்தான். தினமும் ஒரே குழம்பு, ஒரே வறுவல் என்று வீட்டில் அலுத்துப்போய்விட்டது.

நம் கரையில் பாதி வீட்டுக்கு, வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிற சபராளி ஒருவர் இருக்கிறார். கப்பலில், துபாயில், மலேசியாவில் என்று போனவர்கள் அங்கே கோழியை எப்படிச் சமைத்தார்கள் என்று எழுதுங்களேன். வாத்து, காடை, வான்கோழியும் சேர்த்துத்தான். நேரில் பார்த்தது, சாப்பிட்டது மட்டும் போதும், யூடியூபில் பார்த்தது வேண்டாம்.

முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுச் சமையலைச் செய்துவிட்டு ‘சப்பென்று இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், நான் ‘என்ன கோழி வாங்கினீர்கள்?’ என்றுதான் கேட்பேன். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ ஏறும் பிராய்லரை வைத்துக்கொண்டு செய்முறையைக் குறை சொல்லக் கூடாது.

தொண்டி கப்பல்காரன்

சரியாகச் சொன்னீர்கள். நான் சரக்குக் கப்பலில் சமையல் கட்டில் இருந்தவன். கப்பலில் பிலிப்பைன்ஸ் ஆட்கள் இல்லாத சமையல் கட்டு அபூர்வம். அவர்களுடைய அடோபோவில் வினிகர், சோயா சாஸ், பூண்டு, பிரியாணி இலை, முழு மிளகு, அவ்வளவுதான். எல்லாவற்றையும் கோழியோடு சேர்த்து அடுப்பில் ஏற்றி, கறி வேகும்வரை விட்டுவிடுவார்கள். வினிகர் கொதித்து அதன் பச்சை வாடை போகும் வரைக்கும் கரண்டியைப் போட்டுக் கிண்டக் கூடாது என்று என்னோடு இருந்த தலைமைச் சமையல்காரர் கையைத் தட்டிவிடுவார். குளிர்பெட்டி இல்லாத காலத்தில் கறி கெடாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி அது. அடுத்த நாள் சாப்பிட்டால் இன்னும் ருசி.

ஆனால் நான் வீட்டில் அடிக்கடி செய்வது அடோபோ இல்லை, டினோலா. இஞ்சி நிறையப் போட்ட கோழிச் சாறு. அதில் காய்ப் பப்பாளித் துண்டும், இறக்கும்போது ஒரு கை முருங்கைக்கீரையும் போடுவார்கள். ஆமாம், நம் முருங்கைக்கீரைதான். முதல் தடவை பார்த்தபோது யாரோ தொண்டியிலிருந்து கட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கீரையைப் போட்டதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும், கொதிக்க விட்டால் சாறு கசந்துவிடும். நாட்டுக்கோழியில் செய்யுங்கள், காய்ச்சல்காரருக்கும் கொடுக்கலாம்.

செனகலில் டக்கார் துறைமுகத்தில் யாசா சாப்பிட்டேன். கோழியை எலுமிச்சைச் சாறு, கடுகு விழுது, மலையளவு வெங்காயத்தில் ஊற வைக்கிறார்கள். ஊறிய கோழியைக் கரி அடுப்பில் சுட்டு, ஊறின வெங்காயத்தையே வதக்கி, அதில் போட்டு வேக வைத்துச் சோற்றின் மேல் ஊற்றுகிறார்கள். ஒரே தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட்டோம். நம் கல்யாண வீட்டுச் சகன் சாப்பாடேதான்.

கீழக்கரை மருமகள்

வெங்காயம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் ஷார்ஜாவில் இருந்தபோது பக்கத்து வீட்டில் எத்தியோப்பியக் குடும்பம். அவர்களுடைய பெருநாள் சமையல் டோரோ வாட் என்ற கோழி ஆணம், அதாவது குழம்பு. காலையில் போனேன், பெரிய சட்டியில் பொடிப்பொடியாக நறுக்கின வெங்காயம். எண்ணெய் இல்லை, நெய் இல்லை, தண்ணீர்கூட இல்லை. வெறும் சட்டியில் சிறு தீயில் கிண்டிக்கொண்டே இருக்கிறார் அந்த அம்மா. வெங்காயம் முதலில் தண்ணீர் விட்டது, பிறகு அந்தத் தண்ணீர் வற்றியது, பிறகு மெல்ல நிறம் மாறியது. அடிபிடிக்கப்போனால் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார், மறுபடி கிண்டுவார். நான் வீட்டுக்குப் போய்த் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு வந்தேன், அப்போதும் கிண்டிக்கொண்டிருந்தார். வெங்காயம் கரைந்து அல்வாப் பதத்துக்கு வந்த பிறகுதான் மசாலா போட்டுக் காய்ச்சின நெய்யும், பெர்பரே என்கிற மிளகாய்ப் பொடியும் சட்டிக்குள் போயின. கோழி கடைசியில்தான்.

கோழியை 12 துண்டாக வெட்டுவது அவர்கள் முறை. அவித்த முட்டையும் முழுசாகக் கிடக்கும். தேங்காய் இல்லை, கசகசா இல்லை, ஆனாலும் ஆணம் அத்தனை கெட்டி. நாமெல்லாம் வெங்காயம் கண்ணாடி போல் ஆனதும் அவசரமாகத் தக்காளியைத் தள்ளிவிடுகிறோமே!

ஊருக்கு வந்து நம் முண்டு மிளகாயில் செய்தேன். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின மிளகாய், நிறத்துக்குக் கேட்கவே வேண்டாம். என் மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, “ஆணம் நல்லாத்தான் இருக்கு, வெங்காயம் வாங்கினதுக்கு இன்னொரு கோழி வாங்கியிருக்கலாம்” என்றார்.

பனைக்குளம் 623

சிங்கப்பூர் ஹைனான் கோழிச் சோறு. முதல் நாள் தட்டில் வெள்ளை வெளேரென்று மசாலா இல்லாத கோழியைப் பார்த்து, ‘இது நோயாளிச் சாப்பாடு’ என்று ஒதுக்கினவன் நான். பிறகு அதையே தேடித்தேடிச் சாப்பிட்டேன்.

முழுக்கோழியைக் கொதிக்கிற தண்ணீரில் போட மாட்டார்கள், கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே வைத்து வேக விடுவார்கள். வெளியே எடுத்ததும் ஐஸ் தண்ணீரில் முக்குவார்கள். தோலுக்கும் கறிக்கும் நடுவில் உள்ள சாறு கூழ் மாதிரி உறைந்துவிடும். உண்மையான விஷயம் சோற்றில்தான் இருக்கிறது. கோழிக் கொழுப்பை உருக்கி, அதில் இஞ்சி பூண்டோடு அரிசியை வறுத்து, கோழி வெந்த தண்ணீரையே ஊற்றி, ரம்பை இலை போட்டு வேக வைப்பார்கள். நம் பக்கம் நெய்ச்சோற்றுக்குப் போடுகிற அதே ரம்பை.

அங்கே நல்ல கோழி என்றால் தோல் மஞ்சளாக இருக்க வேண்டும் என்று பார்த்து வாங்குவார்கள். இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்காசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் மஞ்சள் தோலுக்கான மரபணு மட்டும் நம் தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008-இல் ஸ்வீடன் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் எந்த ஊர்க் கடையில் மஞ்சள் தோல் கோழி தொங்கினாலும் அதில் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காரன் கொஞ்சம் இருக்கிறான்.

சாயல்குடி செல்வம்

கொரியா. கோடை உச்சியில் மூன்று நாள் குறித்து வைத்து, அந்த நாட்களில் கொதிக்கக் கொதிக்கக் கோழிச்சாறு குடிக்கிறார்கள். சாம்கியேதாங். குஞ்சுக்கோழியின் வயிற்றில் பசையரிசி, பூண்டு, இலந்தை மாதிரி ஒரு பழம், ஜின்செங் வேர். மண்சட்டி மேசைக்கு வரும்போதும் கொதித்துக்கொண்டே இருக்கும். கடைக்கு வெளியே வரிசை. உப்புத் தொட்டுச் சாப்பிட வேண்டும். எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை, வேர் கசந்தது.

ஏர்வாடி வேட்டைக்காரன்

எல்லோரும் பண்ணைக் கோழியையே பேசுகிறீர்கள். கௌதாரி, காட்டுக்காடை ருசிக்கு எதுவும் வராது. நம் பக்கம் யாரிடம் கிடைக்கும்?

தேவிபட்டினத்தான்

இங்கே அந்தக் கேள்விக்குப் பதில் வராது தம்பி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி, காட்டுக்காடை, காட்டுக்கோழி எதையும் பிடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் கண்மாய்ப் பறவைகளுக்கும் அதுதான். கடையில் விற்பது பண்ணையில் வளர்க்கிற ஜப்பான் காடை, அதை வாங்கிக்கொள்ளுங்கள். பெயரையும் மாற்றினால் நல்லது.

லண்டன் மண்டபத்தான்

சட்டப்படி வேட்டைப் பறவை சாப்பிட்ட கதை என்னிடம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஃபெசன்ட் என்று ஒரு பறவை, கோழிக்கும் மயிலுக்கும் உறவு. அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை சுடலாம். நான் வேலை பார்த்த உணவகத்துக்கு இறகோடு ஜோடி ஜோடியாக வரும். வந்த அன்றே சமைக்க மாட்டார்கள். குளிர்ந்த அறையில் கழுத்தில் கயிறு கட்டிச் சில நாள் தொங்க விடுவார்கள். அதற்குள் கறி தானாக இளகி, வாசனையும் ஏறும். அங்குள்ள குளிருக்குச் சரி. இங்கே மே மாதத்தில் தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் தெரு காலியாகிவிடும்.

காட்டில் ஓடின பறவைக்கு உடம்பில் கொழுப்பே இருக்காது. அதனால் நெஞ்சின் மேல் பன்றிக் கொழுப்புப் பட்டையைச் சுற்றித்தான் சுடுவார்கள், இல்லாவிட்டால் மரக்கட்டைதான். கறிக்குள் சின்ன ஈயக் குண்டு இருக்கலாம் என்று உணவுப் பட்டியலிலேயே அச்சடித்திருக்கும். எனக்கு ஒரு தடவை பல்லில் அகப்பட்டது. ருசியைக் கேட்டால், நம் ஊர் முற்றின நாட்டுக்கோழி அதைவிட மேல்.

கடலாடி ராணி

ஈரான் படகுக்குப் போன என் அண்ணன் ஃபெசன்ஜான் என்று ஒன்றைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். வால்நட் அரைத்து, மாதுளைச் சாறு விட்டுக் கோழியை வேக வைப்பதாம். வால்நட் விற்கிற விலைக்கு முந்திரியில் செய்யலாமா?

தொண்டி கப்பல்காரன்

நான் சாப்பிட்டிருக்கிறேன் தங்கச்சி. அது காஸ்பியன் கடலோரத்து கிலான் பக்கத்துச் சமையல், முன்பு வாத்தில்தான் செய்வார்கள். முந்திரியில் செய்தால் குருமா ஆகிவிடும். வால்நட் தோலின் துவர்ப்பும் மாதுளைப் புளிப்பும் சேர்ந்தால்தான் அந்த ருசி. அரைத்த வால்நட்டைச் சிறு தீயில் வைத்து எண்ணெய் மேலே மிதக்கும்வரை பொறுக்க வேண்டும். நிறம் கறுத்துப் போகும், பயப்படாதீர்கள். நான்கு பேருக்கு ஒரு கைப்பிடி வால்நட் போட்டால் காணாது, கால் கிலோ வேண்டும். காசு சேர்ந்த பிறகு செய்யுங்கள்.

கீழக்கரை மருமகள்

கப்பல் காக்கா (எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம்), முட்டை போட்டு ஓய்ந்த லேயர் கோழி இங்கே மலிவாகக் கிடைக்கிறது. குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் ரப்பர்தான். அதற்கு ஏதாவது வழி?

தொண்டி கப்பல்காரன்

பிரான்சில் கிழட்டுச் சேவலை ஒயினில் மணிக்கணக்காக வேக வைப்பார்கள். நமக்கு ஒயின் வேண்டாம், புளிப்பும் பொறுமையும் போதும். கோழியை மஞ்சள் பூசிப் பனையோலைத் தீயில் வாட்டி, பெரிய துண்டாக வெட்டி, வினிகர், பூண்டு, மிளகில் இரவு முழுக்க ஊற வையுங்கள். மறுநாள் கனமான சட்டியில் மூடி போட்டு, குமிழி விட்டும் விடாமலும் கொதிக்கிற தீயில் மூன்று மணி நேரம். எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்றால் இறக்கலாம். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், சாறு வற்றினால் கரித்துவிடும்.