வானத்திலிருந்து அரிசி விழுந்த நாள்: உங்கள் நினைவுகள்

கதியால்:
1987 ஜூன் 4, பின்னேரம். யாழ்ப்பாணத்து வடமராட்சியில் இலங்கை ஆமி இறங்கி ஒரு கிழமைக்கு மேல். இரைச்சல் கேட்டதும் குண்டு போடுகிற சகடை விமானம்தான் என்று அம்மம்மா என்னை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிட்டார். வெடிச் சத்தமே இல்லை. எட்டிப் பார்த்தால் பரசூட். இந்திய விமானப்படை உணவு மூட்டைகளைப் போட்ட பூமாலை நடவடிக்கை பற்றி எல்லாருக்கும் தெரியும், அதை விடுகிறேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு மூட்டை உடைந்து கிடந்தது. மண்ணும் அரிசியுமாகச் சுளகில் அள்ளி வந்து இருட்டும்வரை புடைத்தார். "இந்தியா எங்களைக் கைவிடாது" என்று சொல்லிச் சொல்லிப் புடைத்தார். ஓகஸ்டில், அமைதி காக்க என்று வந்திறங்கிய இந்திய ஆமிக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். ஒக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டபோது அவர்களுடைய ஷெல் எங்கள் குசினியில் விழுந்தது. பங்கருக்குள் இருந்ததால் தப்பினோம். பிறகு அந்த வசனத்தை அவர் சொல்லி நான் கேட்கவில்லை.

பாம்பன்கரை:
முந்தைய நாள் கதை எங்கள் பக்கம். ராமேஸ்வரத்திலிருந்து நிவாரண மூட்டைகளுடன், செஞ்சிலுவைக் கொடியோடு 19 படகு கிளம்பியது. இலங்கைக் கடற்படை மறித்துத் திருப்பிவிட்டது. மூட்டை ஏற்றியவர்களில் என் அப்பாவும் ஒருவர். படகுகள் அப்படியே திரும்பி வந்தபோது, சும்மாடைக் கையில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

சிப்பாய்வீடு:
கதியால், உங்கள் குசினியில் விழுந்ததை மறுக்கவில்லை. ஆனால் 'அவர்கள்' என்று மொத்தமாகச் சொல்வது வலிக்கிறது. என் சித்தப்பாவும் அங்கே இருந்தார். ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது இரண்டு அரசுகள், புலிகள் இல்லை. புலிகளின் ஆயுதத்தைக் களையச் சொல்லி அனுப்பியது டெல்லி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்கள் உயிரோடு திரும்பவில்லை. 1990 மார்ச்சில் படை சென்னை வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. சித்தப்பாவுக்கு அதுகூடப் பெரிதில்லை. சோதனைக்குப் போன ஒரு வீட்டில் ஒரு கிழவி, "ஏன் மோனை வந்தனீங்கள்?" என்று கேட்டாராம். அதைத்தான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கதியால்:
செத்தது எங்கள் சனமும்தான், அண்ணா. கணக்குச் சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மண்டபத்துப்பிள்ளை:
1990இல் இலங்கையிலிருந்து தப்பி வந்தபோது படகுக்காரர் எங்களைக் கடல் நடுவே மணல்திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஆள் வரும்வரை அம்மா ஈரச் சேலையை எங்கள் தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தார். சரி, தமிழ்நாட்டில் அகதி முகாமில் இன்னும் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வந்தபோது கொடுத்த பதிவுத்தாளைப் பத்திரப்படுத்துங்கள், மடிப்பில் கிழிவதற்குள் நகல் எடுங்கள். இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதியுங்கள். ஊர் திரும்ப நினைத்தால் அது இல்லாமல் அலைய வேண்டும். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் நமக்கு இடமில்லை, அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அப்புறம், யார் கேட்டாலும் நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் டிரங்குப் பெட்டியிலேயே இருக்கட்டும்.