ஆட்டிசத்தில் சிபிடி: மூளையில் காபா கூடுமா, குறையுமா?

கேள்வி
சிபிடி (கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் ஒரு சேர்மம்) எண்ணெய், மூளையின் செயலைத் தணிக்கும் வேதிப்பொருளான காபாவைக் கூட்டும், அதனால் ஆட்டிசக் குழந்தைகளின் பதற்றம் தணியும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். 2019இல் வந்த லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வோ ஆட்டிசம் உள்ளவர்களிடம் காபா குறைந்தது என்கிறது. எது சரி? இன்னொன்று: குழந்தையின் எடை 20 கிலோ. வலிப்புக்கு வால்ப்ரோயேட்டும் குளோபசாமும் ஓடுகின்றன. தினம் 5 சொட்டு கொடுக்கலாமா?

பதில் 1
ஆய்வு சொல்வதுதான் சரி, ஆனால் அது எதை அளந்தது என்று பார்க்க வேண்டும். 34 ஆண்கள், பாதிப்பேர் ஆட்டிசம் உள்ளவர்கள். ஒரே ஒரு வேளை 600 மி.கி. சிபிடி, இன்னொரு நாள் வெற்று மருந்து. ஆட்டிசம் இல்லாதவர்களிடம் காபா ஏறியது, உள்ளவர்களிடம் இறங்கியது. நரம்புகளைத் தூண்டும் வேதிப்பொருளான குளூட்டமேட் சார்ந்த அளவோ இரு குழுவிலும் ஒரே மாதிரி நடந்துகொண்டது: மூளையின் அடிப்பகுதி நரம்புத் திரள்களில் கூடியது, முன்மூளைப் புறணியில் குறைந்தது. ஆக, 'காபாவைக் கூட்டும்' என்ற வாதம் யாருக்காகச் சொல்லப்படுகிறதோ அவர்களிடமே பொய்த்துவிடுகிறது.

இதை அளந்தது, மூளையின் வேதிப்பொருள்களைச் சிகரங்கள் கொண்ட வரைபடமாகக் காட்டும் ஸ்கேன். அதில் காபாவின் சிகரம் கிரியேட்டின் என்ற வேறொரு பொருளின் பெரிய சிகரத்துக்கு அடியில் ஒளிந்திருக்கும். இரண்டு பதிவுகளை ஒன்றிலிருந்து ஒன்று கழித்துத்தான் அதை வெளியே எடுக்கிறார்கள். இடையில் தலை சற்று அசைந்தாலும் கழித்தல் பிசகிவிடும். கிடைப்பதும் அந்தத் திசுவின் மொத்த காபாதான். நரம்பிணைப்பில் அந்த நேரம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது அதில் தெரியாது.

அதே குழு சிபிடிவி என்ற உறவுச் சேர்மத்தையும் 600 மி.கி. கொடுத்துப் பார்த்தது. காபா அசையவில்லை. அடிப்பகுதித் திரள்களில் குளூட்டமேட் அளவு ஏறியது. ஆட்டிசக் குழுவில் மட்டும், தொடக்க அளவு குறைவாக இருந்தவர்களிடம் ஏற்றம் அதிகம். ஒரே மருந்துக்கு எல்லா மூளையும் ஒரே பதில் தராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

பதில் 2
சொட்டுக் கணக்கைப் பாருங்கள். 5 சதவீத எண்ணெய் என்றால் மில்லிக்கு 50 மி.கி.; மில்லிக்கு 20 சொட்டு என்று வைத்தால் சொட்டுக்கு 2.5. ஐந்து சொட்டில் 12.5 மி.கி. ஆய்வின் 600 மி.கி.க்கு 12 மி.லி. வேண்டும், 10 மி.லி. பாட்டில் ஒன்று போதாது! சில வகை வலிப்புகளுக்கு அங்கீகாரம் பெற்ற சிபிடி மருந்தான எபிடியோலெக்ஸ்கூட கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மி.கி.யில்தான் தொடங்குகிறது. 20 கிலோவுக்கு அது 100 மி.கி., இரு வேளையாகப் பிரித்து. அதுவும் வலிப்புக்கான அளவு, ஆட்டிசத்துக்கு அல்ல.

அளவு ஏறினால்தான் உண்மையான ஆபத்து. வால்ப்ரோயேட்டுடன் சேர்ந்தால் கல்லீரல் நொதிகள் உயரக்கூடும். தொடங்கும் முன்பும், பிறகு 1, 3, 6 மாதங்களிலும் இரத்தப் பரிசோதனை வேண்டும். குளோபசாம் உடைந்து உண்டாகும் பொருளைக் கழிக்கும் நொதியை சிபிடி தடுப்பதால் அது உடலில் தேங்கும். குழந்தை தூங்கி வழிந்தால் 'அமைதியாகிவிட்டது' என்று நினைத்துவிடாதீர்கள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால் உறிஞ்சல் பல மடங்கு கூடும், ஆகவே ஒரு நாள் வெறும் வயிற்றில், மறுநாள் சாப்பாட்டோடு என்று மாற்றக் கூடாது. நரம்பியல் மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு சொட்டும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்
நன்றி, தொடங்கவில்லை. நடத்தையில் பலன் கண்ட ஆய்வு உண்டா?

பதில் 3
இஸ்ரேலில் 150 பேரிடம், 5 முதல் 21 வயதுவரை, நடந்தது, 2021இல் வெளியானது. சிபிடியும், கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சியும் 20:1 விகிதத்தில். மருத்துவரின் பொது மதிப்பீட்டில் முழுச் செடிச் சாறு எடுத்தவர்களில் 49 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம், வெற்று மருந்தில் 21. ஆனால் பெற்றோர் நிரப்பிய நடத்தைப் படிவத்தில் வித்தியாசம் இல்லை. தூக்கக் கலக்கம் 28 சதவீதம், வெற்று மருந்தில் 8. அதில் டிஎச்சியும் இருந்ததால், அந்தப் பலனைத் தனி சிபிடியின் கணக்கில் எழுத முடியாது.