1984 பிப்ரவரி 3இல் பிறந்தவருக்கு ஆண்டு மூலகம் மரமா, நீரா?

சீனச் சோதிடம் பயின்ற குழு உறுப்பினர்களுக்கு வணக்கம். ஆண்டின் கடைசி இலக்கம் 4, 5 எனில் மரம், 6, 7 நெருப்பு, 8, 9 மண், 0, 1 உலோகம், 2, 3 நீர் என்ற கணக்கு எளிதுதான். ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் எனக்குத் தெளிவு தேவைப்படுகிறது. 1984இல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 2 அன்று வந்தது. சூரியன் 315 பாகையைத் தொடும் 'லிச்சுன்' எனும் வசந்தத் தொடக்கமோ, பெய்ஜிங் நேரப்படி, பிப்ரவரி 4 இரவில்தான் நிகழ்ந்தது. இடையில் பிறந்த என் உறவினர், மூலகத்தையும் ஆண்டு விலங்கையும் சேர்த்துச் சொன்னால், புத்தாண்டுக் கணக்கில் மர எலி, லிச்சுன் கணக்கில் நீர்ப் பன்றி. பிறந்த ஆண்டு, மாதம், நாள், நேரம் ஆகியவற்றை நான்கு தூண்களாகக் கொண்டு பலன் பார்க்கும் 'நான்கு தூண்கள்' முறையில் மாதத் தூண் சூரியப் பருவங்களையே பின்பற்றுவதால், ஆண்டுக்கும் லிச்சுனே பொருந்தும் என்று கருதுகிறேன். அம்முறையிலேயே புத்தாண்டை எல்லையாகக் கொள்வோர் இருப்பின், அதற்கான காரணத்தை அறிந்தவர்கள் விளக்குமாறு வேண்டுகிறேன்.