பழைய லாரி, புதிய லாரி: படமெடுப்பதிலும் நினைவுகளைச் சேகரிப்பதிலும் சில ஐயங்கள்

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். நெடுஞ்சாலைகளில் ஓடும் இன்றைய லாரிகளையும், பட்டறை ஓரங்களிலும் கண்காட்சிகளிலும் எஞ்சியிருக்கும் பழைய லாரிகளையும் படமெடுத்துத் தொகுத்து வருகிறேன். என் தந்தையார் லாரி ஓட்டியவர். அவர் விட்டுச்சென்ற கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.

என் முதல் சிக்கல் படமெடுப்பதைப் பற்றியது. எஞ்சினை மூடும் பானட் முன்னால் நீண்டிருக்கும் பழைய வண்டிகள் எப்படி எடுத்தாலும் அழகாக அமைந்துவிடுகின்றன. தட்டையான முகமுள்ள புதிய வண்டிகளோ சுவரைப் படமெடுத்தது போல் இருக்கின்றன. ஓடும் வண்டியை எடுத்தாலும் நிறுத்திவைத்த வண்டியாகவே தெரிகிறது. இரண்டாவது, தந்தையாருடன் வேலை செய்த பெரியவர்களிடம் அந்தக் காலத்தைப் பற்றிக் கேட்டால், "அப்போதெல்லாம் கஷ்டம்தான் தம்பி" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1:

தட்டை முகம் உங்கள் கேமராவின் குறையன்று, சட்டத்தின் விளைவு. ஐரோப்பாவில் வண்டியின் மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்ததால், பானட்டுக்குச் செலவாகும் நீளத்தைச் சரக்குத் தளத்துக்குக் கொடுக்க எண்ணி, எஞ்சினுக்கு மேலேயே கேபினைத் தூக்கிவைத்தார்கள். அமெரிக்காவில் 1982-ஆம் ஆண்டுச் சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் டிரெய்லர் லாரிகளின் மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் வரம்பு விதிப்பதை நீக்கி, டிரெய்லரின் நீளத்தை மட்டும் கணக்கில் கொண்டதால், அங்கே பானட் வண்டிகள் மீண்டும் பெருகின. ஐரோப்பாவில் பானட் வண்டிகளை நெடுங்காலம் விடாமல் செய்துவந்த ஸ்கானியாவும் 2005-இல் அவற்றை நிறுத்திவிட்டது.

ஆகவே புதிய வண்டியை நேர் எதிரே நின்று எடுக்காதீர்கள். முகமும் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும்படி மூலையிலிருந்து எடுங்கள். அகன்ற லென்ஸை வைத்துக்கொண்டு அருகில் போனால் கேபின் உப்பிக்கொண்டு வரும் என்பதால், நன்றாகப் பின்வாங்கி 70 மி.மீ. அளவிலான லென்ஸைப் பயன்படுத்துங்கள். நிற்கும் வண்டியானால், முன்சக்கரத்தின் ரிம் கேமராவை நோக்கித் தெரியும்படி ஸ்டீயரிங்கைச் சற்று ஒடித்துவைக்குமாறு ஓட்டுநரிடம் கேட்கலாம். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு செய்வார்கள்.

ஓடும் வண்டிக்கு ஷட்டர் வேகத்தை 1/1000 வினாடி வைத்தால் சக்கரம் உறைந்துபோகும். 1/60 வைத்து, வண்டியோடு கேமராவையும் ஒரே வேகத்தில் திருப்பிக்கொண்டே எடுத்தால், வண்டி தெளிவாகவும் சக்கரமும் பின்னணியும் கலங்கியும் வரும். முதலில் எடுப்பவற்றில் பெரும்பகுதி வீணாகும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். இன்னொன்று: புதிய வண்டிகளின் எல்.இ.டி. விளக்குகள் பலவும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை. ஷட்டர் மிக வேகமாக இருந்தால் எரியும் விளக்கு படத்தில் அணைந்திருக்கும்.

பதில் 2:

நான் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவன். தம்பி, "அந்தக் காலத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவுக்கு வராது. படத்தைக் கையில் கொடுத்து, "இந்த வண்டியில் இரண்டாவது கியருக்கு எப்படி இறக்குவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், கை தானாகவே அசையும்.

கியர் பற்களின் வேகத்தைத் தானே ஒத்துப்போகச் செய்யும் சிங்க்ரோமெஷ் அமைப்பு இல்லாத பழைய கியர்பெட்டியில், மேடேறும்போது கியரை இறக்குவது தனி வித்தை. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலரேட்டரை ஒரு மிதி மிதித்து எஞ்சின் வேகத்தை ஏற்றி, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ்க் கியரைப் போட வேண்டும். எஞ்சின் சத்தத்தைக் காதால் அளந்து இதைச் செய்வோம். கணக்குத் தவறினால் பற்கள் கரகரவென்று அலறும். அதற்குள் ஏற்றத்தில் வண்டி வேகம் இழந்துவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இல்லாததால், லோடு ஏற்றிய வண்டியை நின்ற இடத்தில் திருப்பத் தோள் வலு வேண்டும். இன்று தானே கியர் மாற்றிக்கொள்ளும் வண்டியை ஓட்டும் இளைஞர்களை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அவர்களுக்கு நேரக் கெடுவும் ஜி.பி.எஸ். கண்காணிப்பும் என்று வேறு பாரங்கள் இருக்கின்றன.

படமெடுப்பவர்களிடம் ஒரு மனத்தாங்கல் உண்டு. கண்காட்சியில் பளபளவென்று பாலிஷ் போட்டு நிற்கும் வண்டியைச் சுற்றிச் சுற்றி எடுக்கிறீர்கள். தார்ப்பாயை எப்படி மடித்துக் கட்டினோம், கயிற்றை இறுக்க எந்த முடிச்சைப் போட்டோம், கிளீனர் எங்கே நின்று பின்னால் வழி சொன்னான் என்பதை யாரும் எடுத்துவைக்கவில்லை. மழையில் நனைந்த தார்ப்பாயை ஒரு மூட்டையும் நனையாமல் உதறி எடுப்பது ஓட்டுவதற்குச் சற்றும் குறைந்த வேலையன்று. கொக்கிகள், கயிறு உராய்ந்து பள்ளம் விழுந்த பலகை, தேய்ந்த பெடல் ரப்பர் ஆகியவற்றை அருகில் போய் எடுங்கள். அந்தப் படங்களைக் காட்டினால் அந்தப் பெரியவர்களே பேச்சை நிறுத்தமாட்டார்கள்.

பதில் 3:

ஐயா சொன்னதோடு முழுமையாக உடன்படுகிறேன். நெகட்டிவ்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 35 மி.மீ. சுருளை 2400 டி.பி.ஐ.க்கு (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) குறையாமல் ஸ்கேன் செய்து, தரம் குறையாமல் சேமிக்கும் டிஃப் (TIFF) கோப்பாக ஒரு மூலப்படியை வைத்துக்கொள்ளுங்கள். நெகட்டிவைத் திருப்பி வைத்துவிட்டால் ஸ்டீயரிங் பக்கம் மாறிவிடும். எண் பலகையின் எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். அச்சிட்ட படத்தின் பின்புறம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தழும்பு விழும்; மென்மையான பென்சில் போதும்.

வண்டியின் காலத்தை அறிய முன்பக்கச் சின்னம் உதவும். டாடா நிறுவனத்துக்கும் டைம்லர்-பென்ஸுக்கும் 1954-இல் ஏற்பட்ட கூட்டு 1969-இல் முடிந்தது. ஆகவே டாடா லாரியின் முகப்பில் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் இருந்தால், அது பெரும்பாலும் அந்த இடைக்காலத்தைச் சேர்ந்தது. மாடல் எண்களும் பேசும்: டாடா 1210 என்றால் மொத்த எடை 12 டன், திறன் ஏறத்தாழ 100 குதிரைத்திறன். பென்ஸின் 1845-ஐயும் அவ்வாறே 18 டன், ஏறத்தாழ 450 குதிரைத்திறன் என்று படிக்கலாம். எல்லா நிறுவனங்களுக்கும் இது பொருந்தாது, வால்வோ எஃப்.எச்.16-இல் உள்ள 16, எஞ்சினின் லிட்டர் அளவு.

கேட்டவர்:

மிக்க நன்றி. நெகட்டிவ்களை இந்த வாரமே ஸ்கேன் செய்யத் தொடங்குகிறேன். இணையத்தில் பகிரும்போது எண் பலகையை மறைக்க வேண்டுமா?

பதில் 3:

இன்று ஓடும் வண்டியானால் மறைத்துவிடுங்கள்; ஓட்டுநரின் முகம் தெரிந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் பகிருங்கள். தந்தையாரின் பழைய படங்களில் எண்ணை அழிக்க வேண்டாம், ஏனெனில் பதிவு வரிசையை வைத்து ஆண்டைக் கணிக்கவும், அதே வண்டியில் வேலை செய்த ஒருவர் அடையாளம் கண்டு எழுதவும் அந்த எண்தான் துணை.