குழந்தை பிறக்கும் முன்பே பொம்மைக்கு உறுமிய நாய்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

கறுப்பு லேப்

மனைவிக்கு எட்டாவது மாதம். தொட்டில் போட்டாயிற்று. துணிக் கரடி, கிலுகிலுப்பை என்று வீடு நிறைந்து கிடக்கிறது. எங்கள் லேப்ரடார் எதை வாயில் எடுத்தாலும் கொண்டுவந்து நம் மடியில் போடுகிற ரகம். அன்றைக்குத் தொட்டிலுக்கு அடியில் கிலுகிலுப்பையோடு படுத்திருந்தான். மனைவி குனிந்து கை நீட்டினாள். வால் சட்டென்று நின்றது. தலையைப் பொம்மை மேல் இன்னும் தாழ்த்தினான். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அவள் பக்கம் ஓட்டினான், விழியின் வெள்ளை தெரிந்தது. அப்புறம் அந்தச் சத்தம். உறுமல் என்றுகூடச் சொல்ல முடியாது, தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்ட ஒரு முனகல்.

கடிக்கவில்லை. அவள் கையை எடுத்ததும் வாலை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டான். ஆனால் அந்தக் கண் எனக்கு மறக்கவில்லை. அந்த இடத்தில் தவழ்கிற குழந்தை இருந்திருந்தால்? 'விடு' என்றால் பந்தை விடுவான், அது நன்றாகவே தெரியும். இதற்கு மட்டும் ஏன் இப்படி? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். நாயை யாருக்காவது கொடுத்துவிடு என்று சொல்ல எங்கள் குடும்பத்திலேயே ஆள் இருக்கிறது, அது மட்டும் வேண்டாம்.

பீகிள் வீட்டுக்காரி

எங்கள் பீகிள் நாய் உறுமமாட்டாள். சத்தமில்லாமல் விழுங்கிவிடுவாள். துவைத்துக் காயப்போட்டிருந்த குழந்தைக் காலுறை ஒன்று கீழே விழுந்தது. என் வீட்டுக்காரர் "ஏய்!" என்று கத்திக்கொண்டு ஓடினார். அவள் ஓடவே இல்லை. அவரை நேராகப் பார்த்தாள், கழுத்தை ஒரு நீட்டு நீட்டினாள், காலுறை போயே போய்விட்டது. அந்தத் தொண்டை ஏறி இறங்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

உடனே தூக்கிக்கொண்டு போனதால் மருத்துவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். காலுறை வந்தது. கூடவே, காணோம் என்று நாங்கள் தேடவே தேடாத இன்னொரு காலுறையும் வந்தது! பிடுங்க வருகிறார்கள் என்று தெரிந்தால் சில நாய்கள் அவசரமாக விழுங்கிவிடும், துரத்தாதீர்கள் என்றார் மருத்துவர். குடலுக்குள் போய் அடைத்திருந்தால் அறுவை சிகிச்சைதானாம்.

பாய் பயிற்சி

கறுப்பு லேப் அண்ணா, 'விடு' தெரியும் என்கிறீர்கள். அது அவனுக்குத் தெரிந்தது பந்து விளையாட்டில்தான். பந்தை விட்டால் நீங்கள் மறுபடி எறிவீர்கள், அவனுக்கு லாபம். கிலுகிலுப்பையை விட்டால் அது அலமாரிக்குப் போய்விடும். அவன் ஏன் விடுவான்?

என் கதை சின்னது. மகள் பிறக்கும் முன் எங்கள் நாய் ரப்பர் சூப்பான்களைத் திருடித் தன் பாய்க்கடியில் சேர்த்து வைத்திருந்தான். பாயை உதறியபோது பொலபொலவென்று விழுந்தன. அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வாயில் இருப்பதைப் போடச் சொல்வது வேறு, கீழே கிடப்பதைத் தொடாமல் கடந்து வரச் சொல்வது வேறு. இரண்டையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும், தனித்தனிச் சொல் வைக்க வேண்டும். தொடாமல் இருக்கப் பழக்குவது இப்படி. மூடிய கைக்குள் பிஸ்கட் துண்டு. நக்குவான், முன்காலால் பிறாண்டுவான், நீங்கள் பேசாமல் இருங்கள். மூக்கைப் பின்னால் இழுத்த அந்த நொடியில் *இன்னொரு* கையிலிருந்து அதைவிட ருசியானதைக் கொடுங்கள். மூடிய கையில் இருப்பதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். கொடுத்தால், கொஞ்சம் பொறுத்தால் அதுவும் கிடைக்கும் என்றுதான் கற்றுக்கொள்வான். அது சரியாக வந்தபிறகு திறந்த உள்ளங்கை. அப்புறம் தரையில், உங்கள் கால் அருகில். அப்புறம்தான் பொம்மை. அதிலும் முதலில் அவனுக்கு ஆர்வமே இல்லாத பொம்மை, கீச்சென்று சத்தம் போடுவது கடைசியில். எடுத்தவுடனே கீச்சு பொம்மையை வைத்து நாயைச் சோதிப்பவர்கள்தான் பிறகு வந்து 'எங்கள் நாய்க்கு இதெல்லாம் ஏறாது' என்பார்கள்.

கூடத்தில் கற்றது படுக்கையறையில் வராது. நீங்கள் சொன்னால் கேட்பவன் மனைவி சொன்னால் விழிப்பான். அறைக்கு அறை, ஆளுக்கு ஆள் முதலிலிருந்து செய்ய வேண்டும்.

வாயில் எடுத்துவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள், பிடுங்காதீர்கள். ஒரு வேகவைத்த கோழித் துண்டைக் காட்டினால் வாய் தானாகத் திறக்கும். பல சமயம் அவனுடைய பொம்மையை வாங்கிக்கொண்டு, தீனி கொடுத்து, அதே பொம்மையையும் திருப்பிக் கொடுங்கள். மனிதக் கை வந்தால் நஷ்டமில்லை என்பது அவன் மனதில் பதிய வேண்டும்.

கடைசியாக, உறுமியதற்குத் திட்டாதீர்கள். உறுமல் எச்சரிக்கை. திட்டினால் எச்சரிக்கைதான் நிற்கும், எரிச்சல் அப்படியே இருக்கும். அடுத்த முறை சத்தமே இல்லாமல் கடிக்கலாம்.

நீளக் காது

எங்களுக்கு ஒருவர் சொன்ன வழி: குழந்தைப் பொம்மைகளில் வாய் கொப்பளிக்கும் திரவத்தை ஒரு சொட்டுத் தடவிவிடு, அந்த வாசனை வந்தால் நாய் தொடாது. தடவினோம். நாய் வந்தான், முகர்ந்தான், பலமாகத் தும்மினான். எங்களுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் துணி யானையைக் காதைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நேராகத் தன் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனான். முக்கினான். எடுத்து உதறினான். மறுபடி முக்கினான். வாசனை போனதும் பாயில் படுத்துச் சப்ப ஆரம்பித்துவிட்டான்.

கசப்பு ஸ்பிரே அதைவிட மோசம், நக்கியே தீர்த்தான். சிவப்பெல்லாம் குழந்தைக்கு என்று நிறம் பிரித்தும் பார்த்தோம். நாய்க்கு நீலமும் மஞ்சளும்தான் நன்றாகப் பிரித்துத் தெரியும், சிவப்பு மங்கலான பழுப்பு மாதிரிதான் தெரியும் என்று பிறகு படித்தோம். அதுவும் போயிற்று.

பாய் பயிற்சி

வாசனை நாயை விரட்டுவதற்கு இல்லை. இந்த வாசனை இருந்தால் இது உன்னுடையது இல்லை என்று அடையாளம் காட்டத்தான். பயிற்சி கொடுக்காமல் வாசனையை மட்டும் தடவினால் யானை குளிக்கத்தான் போகும்.

நீளக் காது

சரி, ஆனால் குழந்தை வாயில் வைக்கிற பொருளில் அதை எதற்குத் தடவ வேண்டும்? அடையாளம் வேண்டுமென்றால் இடத்தில் வையுங்கள். விரிப்பின் மேல் இருப்பது குழந்தையுடையது, கூடையில் இருப்பது அவனுடையது. எங்கள் வீட்டில் கடைசியில் அதுதான் நின்றது.

காப்பகத்து நாய்

பிறக்கும் முன் எல்லாம் ஒழுங்காக வந்தது என்று நிம்மதியாக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் நாய் தரையில் பொம்மை கிடந்தால் சுற்றிக்கொண்டு போகிற அளவுக்குப் பழகியிருந்தாள். பையன் உட்கார ஆரம்பித்தான். ஒரு நாள் கையிலிருந்த ரப்பர் வாத்தை வீசினான். அது குதித்து உருண்டது. அவள் பாய்ந்தாள், அவனும் கையை நீட்டிக்கொண்டு அதே பக்கம் சாய்ந்தான். நாயின் மூக்குக்கும் அவன் விரலுக்கும் நடுவே வாத்து. என் அம்மா அடுக்களையிலிருந்தே "பாய்க்குப் போ!" என்று ஒரு குரல் கொடுத்தார். நாய் திரும்பிப் போய்ப் பாயில் உட்கார்ந்தது. எனக்கு மட்டும் கால் ஆடிக்கொண்டிருந்தது.

கிடக்கும் பொம்மை வேறு, ஓடும் பொம்மை வேறு. ஓடுவது இரை. இன்னொன்றும் கவனித்தேன். கடையிலிருந்து வந்த புதுப் பொம்மையை அவள் சட்டை செய்யவே இல்லை. பாலும் எச்சிலும் ஊறிய பிறகு அதே பொம்மைக்கு மதிப்பு ஏறிவிட்டது. புதுப் பொம்மையை வைத்துப் பழக்கியது போதவில்லை. எறிந்து பழக்குங்கள், பாயை நோக்கி ஓடினால் பெரிய பரிசு கொடுங்கள். தடுப்புக் கதவு போடுங்கள். எவ்வளவு பழகினாலும் குழந்தையையும் நாயையும் தனியாக விடக்கூடாது. அன்றைக்கு நான் அறையில்தான் இருந்தேன், அப்படியும் அவ்வளவு நெருங்கிவிட்டது.

கறுப்பு லேப்

எல்லோருக்கும் நன்றி. இதற்கு முன் உறுமாத நாய் திடீரென்று ஒரு பொருளை யாரும் தொடவிடாமல் காவல் காத்தால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும், வலி இருக்கலாம் என்று தெரிந்தவர் சொன்னார். காட்டினோம். காதுக்குள் புண்ணாகியிருக்கிறது. மருந்து போய்க்கொண்டிருக்கிறது. இதுதான் காரணமா என்று மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. மாற்றிக்கொள்ளும் பயிற்சியை மனைவியே செய்கிறாள், அவனுடைய பழைய பந்தில் ஆரம்பித்திருக்கிறாள். கிலுகிலுப்பை இப்போதைக்கு அலமாரியில்.

இரண்டு பூடில்

யாரும் பேட்டரியைப் பற்றிப் பேசவில்லையே. பாட்டுப் பாடும் மீன் பொம்மை எங்களிடம் இருந்தது. காலையில் பார்த்தால் மீன் கிழிந்து கிடக்கிறது, பேட்டரி மூடி தனியாகக் கிடக்கிறது, பொத்தான் பேட்டரி இல்லை. இரண்டு நாய்களும் பக்கத்தில் உட்கார்ந்து என்னையே பார்க்கின்றன. எதைக் கேட்பது?

பீகிள் வீட்டுக்காரி

ஐயோ. வாந்தி எடுக்க வைத்தீர்களா?

இரண்டு பூடில்

இல்லை. காலுறைக்குச் சரி, அதுவும் மருத்துவர் கையால். பேட்டரி உள்ளேயே திசுவைச் சுட்டுவிடும், திரும்பி மேலே வந்தால் மறுபடி சுடும். தொலைபேசியில் சொன்னதுமே, வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இரண்டையும் உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள். எக்ஸ்ரே எடுத்தோம், இரண்டு வயிற்றிலும் ஒன்றுமில்லை. மாமியார் சோபாவை நகர்த்தியபோது பேட்டரி கிடைத்தது, பல் தடம்கூட இல்லை. அதற்குப் பிறகு திருகாணி போட்டு மூடாத பொம்மை எதுவும் வீட்டுக்குள் வருவதில்லை, யார் பரிசாகக் கொடுத்தாலும்.