கூட்டத்தில் பேசும் முன் படபடப்பு: மூச்சுப் பயிற்சி உதவுமா?

கேள்வி:
அலுவலகக் கூட்டத்தில் என் முறை நெருங்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. ஆழமாக மூச்சை இழுக்கச் சொல்கிறார்கள். இழுத்தால் தலைசுற்றல்தான் அதிகமாகிறது. என்ன செய்யலாம்?

பதில் 1:
பதற்றத்தில் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கும்போது இன்னும் பலமாக இழுத்தால், இரத்தத்தில் கரியமில வாயு மேலும் குறைந்து, மூளையின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, நீங்கள் சொல்லும் தலைசுற்றல் வருகிறது. ஆகவே மூச்சை விடுவதில் கவனம் வையுங்கள். மூக்கால் மெதுவாக 4 எண்ணும்வரை இழுத்து, உதடுகளைக் குவித்து 6 எண்ணும்வரை விட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சுகள் ஆகும். மூச்சை வெளியே விடும்போது மூளையிலிருந்து இதயத்துக்கும் செல்லும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது என்பதே இதன் அடிப்படை.

பதில் 2:
இதைக் கூட்டத்தில் முதன்முறையாகச் செய்து பார்க்க வேண்டாம். வீட்டில் தினமும் 5 நிமிடம், வயிற்றின் மேல் கை வைத்து, அது எழுந்து தாழ்வதைக் கவனித்துப் பழகியிருந்தால்தான் நெருக்கடியில் கைகொடுக்கும்.

பதில் 3:
மேலே சொன்னவை சரியே. ஆனால் பிறர் என்ன நினைப்பார்களோ என்ற அச்சம் மூச்சால் மட்டும் போய்விடாது. கூட்டங்களையே தவிர்க்கத் தொடங்கியிருந்தால், தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருந்தால் டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம்.