பொருள்: அட்டாவிசம் – வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம். குற்றவியல் வகுப்புக்காக இத்தாலிய மருத்துவர் லோம்புரோசோ பற்றிய பாடத்தைத் தமிழாக்குகிறேன். 'அட்டாவிசம்' வந்ததும் வண்டி நின்றுவிட்டது. விலெல்லா என்ற குற்றவாளியின் மண்டையோட்டில், பின்பக்க உட்புறத்தில் ஒரு சிறு குழி. அதை வைத்து, மனித இனம் தாண்டி வந்த காட்டுநிலை குற்றவாளியிடம் மட்டும் திரும்ப முளைக்கிறது என்று லோம்புரோசோ 1876இல் நூலே எழுதிவிட்டார். அப்படித் திரும்புவதுதான் அட்டாவிசம். 'பரம்பரைக் குணம்' என்று போட்டிருக்கிறேன், மனம் ஒப்பவில்லை.
– வ.

வ. அம்மா, அப்பன் குணம் பிள்ளைக்கு வந்தால் பரம்பரை. இது பல தலைமுறை உறங்கி எழுவது. லத்தீனில் 'அட்டாவுஸ்' என்றால் பாட்டனுக்குப் பாட்டனின் அப்பன். நம் கணக்கில் அப்பன், பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன். ஆகவே 'சேயோன் மீட்சி'. பரன், பரை சேர்ந்ததே பரம்பரை என்பதையும் இங்கே பதிகிறேன்.
– செ.

செ. ஐயா, பரம்பரை வடசொல். பரனும் பரையும் வாட்ஸப்பில் பிறந்தவர்கள். சேயோன் என்றால் தொல்காப்பியம் படித்த பிள்ளை முருகன் திரும்பி வருகிறான் என்றல்லவா எழுதும்? 'முதுமரபு மீட்சி' போதும்.
– இரா.

மீட்சி நல்லதற்கு வரும் சொல். தேவாலயத்தில் கேட்டுப் பாருங்கள். 'மீள்வு' என்று வையுங்கள். பரம்பரை மட்டும் வேண்டவே வேண்டாம். உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகளும் படிப்பார்கள். சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று சொல்லிக் கைரேகை வாங்கிய வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டம் இருந்ததே, அந்த ரேகைச் சட்டம் என்றால் எங்கள் ஊரில் பெரிசுகள் இன்றும் குரலைத் தாழ்த்துவார்கள். பெருங்காமநல்லூரில் 1920இல் போலீஸ் சுட்டது அதை எதிர்த்ததற்காகத்தான்.
– மு.

மு. சொல்வது சரி. ஆனால் குற்றப் பரம்பரைச் சட்டம் 1871லேயே வந்துவிட்டது, லோம்புரோசோ நூலுக்கு முன்பே. அது மண்டையோட்டை அளக்கவில்லை, சாதியைப் பார்த்தது. அப்புறம், 1913இல் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சுமார் 3,000 ஆங்கிலேயக் கைதிகளை அளந்து, குற்றவாளிக்கென்று தனி உடல்வாகு இல்லை என்று காட்டியாயிற்று. செத்த கொள்கைக்குப் புதுச்சொல் எதற்கு? அட்டாவிசம் என்றே எழுதுங்கள், பிள்ளைக்குப் புரியும்.
– க.

க. சார், கொள்கைதான் செத்தது. மூதாதையின் பின்னங்கால் திரும்ப முளைத்துப் பிடிபடும் திமிங்கிலத்துக்கு உயிரியலில் இந்தச் சொல் இன்றும் வேண்டும். அப்புறம் 'அட்டாவிசம்' யாருக்குப் புரியும்? அட்டைப்பூச்சி விஷம் என்பான்.
– இரா.

எல்லோருக்கும் நன்றி. மூன்று பேர் தனிமடலிலும் சொன்னதால் 'முதுமரபு மீள்வு' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் அட்டாவிசம் சேர்த்து அனுப்பிவிட்டேன். மணி பதினொன்றரை.
– வ.

அனுப்பியாயிற்றா? இரண்டாம் பதிப்பு வரும்போது சேயோனை நினைவில் வையுங்கள் அம்மா.
– செ.